ஷிப்ட் ஆயிட்டாங்க

நான் இடம் பெயர்ந்துவிட்டேனாம். எங்கே போனேன் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அந்த ஊருக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன், அங்கேயாவது குழாயில் தண்ணீர் வருகிறதா என்று.

பஞ்சாயத்து ஆபீஸுக்கு அன்றைக்கு நான் போனது என் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு வர. வார்டு மெம்பர் தேர்தலுக்கு மனு போடுகிறவர், வாக்காளர் பட்டியலில் தன் பெயர் எத்தனையாவதாக இருக்கிறது என்பதை மனுவில் எழுத வேண்டும். மனு போட மறுநாள்தான் கடைசி. கிளார்க் பட்டியலை என் பக்கம் தள்ளினார். எங்கள் வாய்க்கால்மேட்டுத் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தேன். தெருவில் பாதிப் பேரைக் காணோம். கடைசிப் பக்கத்தில் நீக்கப்பட்டவர்கள் என்று தனியாகப் போட்டிருந்தார்கள். அங்கே இருந்தேன் நான். செங்கமலம், கணவர் பெயர் ராமலிங்கம், காரணம் இடம் பெயர்ந்தவர். அடுத்த வரியிலேயே ராமலிங்கம். அவரும் இடம் பெயர்ந்தவர். நல்லவேளை, இரண்டு பேரும் சேர்ந்தேதான் போயிருக்கிறோம்.

"என்னாங்க இது? நான் இங்கதான இருக்கறேன்" என்றேன்.

"லிஸ்ட்ல அப்படித்தாம்மா இருக்கு" என்றார் கிளார்க்.

"லிஸ்ட்ட விடுங்க. உங்க எதிர்ல நிக்கிறது யாரு?"

எதிரில் நிற்பது யார் என்று பார்ப்பது அவர் வேலை இல்லை போலிருக்கிறது. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் நாளைக்கு வாக்காளர் பட்டியல் முகாம் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் ஏன் தேர்தலில் நிற்கப் புறப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு நெய்வேலி டவுன்ஷிப் சுவருக்கு வெளியே இருக்கிறது. சுவருக்கு உள்ளே அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், குவார்ட்டர்ஸுக்குக் குவார்ட்டர்ஸ் குழாய். காலையில் நாங்கள் உள்ளே போய் அந்த ரோட்டைக் கூட்டுவோம், அந்த மரத்துக்குத் தண்ணீர் விடுவோம், வேலை முடிந்து வெளியே வருவோம். எல்லாரும் கான்ட்ராக்ட். நான் மைன்ஸ் கேண்டீனில் இருக்கிறேன். ராமலிங்கம் பெல்ட்டில் இருக்கிறார். வெட்டுகிற கரியைச் சுமந்துகொண்டு ஓடுமே அந்தப் பெரிய பெல்ட், அதற்கடியில் சிந்துவதை வாரிப் போடுகிற வேலை.

சுரங்கம் நடக்க வேண்டுமானால் அடியில் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் போகிற வாய்க்கால் எங்கள் தெருவை ஒட்டித்தான் ஓடுகிறது. குடிக்க ஆகாது. குடிக்கிற தண்ணீருக்கான பஞ்சாயத்துக் குழாய் பெரிய தெருவோடு நின்றுவிட்டது. பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடக்கிற தெரு எங்களுடையது. எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடக்கிறேன்.

போன கிராம சபையில் எழுந்து கேட்டேன். எங்கள் எட்டாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. மெம்பர் பெயர் அகிலா. ஆனால் அகிலாவை மெம்பர் நாற்காலியில் பார்த்தவர் எவரும் கிடையாது. நாற்காலியில் இருப்பது அவள் புருஷன் சிவசங்கர். தீர்மானப் புத்தகம் அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் போகும், அகிலா கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள், புத்தகம் திரும்பி வரும். அவ்வளவுதான் அவள் மெம்பராக இருந்தது.

"குழாய் எப்பங்க எங்க தெருவுக்கு வரும்?" என்று கேட்டேன்.

"கேக்கறது சுலபம், செங்கமலம். நின்னு ஜெயிச்சு வந்து பாரு, அப்பத் தெரியும் கஷ்டம்" என்றார் சிவசங்கர். கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் எனக்கு 'நீ', நான் அவருக்கு 'நீங்க'. வயதில் நான்தான் மூத்தவள். எங்கள் ஊரில் அந்தக் கணக்கு வயதை வைத்துப் போடுவதில்லை.

"சரிங்க, நிக்கிறேன்" என்றேன். சிரிப்பு நின்றுபோனது.

இப்படிச் சொல்லிவிட்டு வந்தவள் பெயர் பட்டியலில் இல்லை என்றால் யார்மேல் சந்தேகம் வரும்? பட்டியலில் பெயர் இல்லாதவள் ஓட்டும் போட முடியாது, நிற்கவும் முடியாது. கிளார்க்கிடம் மேற்கொண்டு பேசாமல் நேராகப் பெரிய தெருவில் இருக்கிற சிவசங்கர் வீட்டு வாசலுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை வெளியே கூப்பிட்டேன். தெருவே கேட்கிறமாதிரிதான் பேசினேன், அதை மறைக்கவில்லை.

"ஓட்டுல என்னைத் தோக்கடிக்க முடியாதுன்னு பேர வெட்டிட்டீங்களா? ஆம்பளையா இருந்தா லிஸ்ட்ல இருக்கறவகூட மோதணுங்க."

அவர் சோற்றுக் கையோடு நின்று என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அடிப் பைத்தியக்காரி. வூடு வூடா ஆளு வந்து கணக்கெடுத்தது எப்ப? கிராம சபைக்கு முந்தி. நீ நிக்கப்போறன்னு அப்ப எனக்கு ஜோசியமா தெரியும்? எனக்கு ஓட்டுப் போடற எங்க கரி லாரி டிரைவரு, உங்க தெருக்காரன், அவன் பேரும்தான் போச்சு. போயி ஒழுங்கா விசாரி."

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குத் தோதான ஆள் கிடைத்தும் திட்ட முடியாமல் நிற்பதைவிடக் கேவலம் வேறு இல்லை. திரும்பும்போது கதவுக்குப் பின்னால் நின்ற அகிலா மெதுவாகச் சொன்னாள்:

"கணக்கெடுக்க வந்த சார் உங்க தெருவுல அந்த வள்ளியம்மா வூட்டாண்டதான் நின்னு பேசிகினு இருந்தாரு. நான் தண்ணி டேங்குக்கிட்டேருந்து பாத்தேன்."

சிவசங்கர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

வள்ளியம்மாள் அக்கா என் அடுத்த வீடு. முட்டி வலியால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். வேலைக்குப் போகிற எல்லார் வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். நான் போனபோது முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வோட்டர் லிஸ்ட்டுக்கு ஒரு சார் வந்தாராமே. என்னா கேட்டாரு?"

"ஆமா வந்தாரு. நாமக்கல்லுப் பக்கமாம். இந்த ஊரு இஸ்கூலுக்குப் புதுசா மாத்தி வந்த வாத்தியாரு. வெயில்ல வந்தாரேன்னு குடிக்கத் தண்ணி குடுத்தேன்."

"என்னை எங்கன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. செங்கமலம் இருக்காங்களான்னாரு. இல்லீங்க, அவுங்க ஷிப்ட் ஆயிட்டாங்கன்னேன். வூட்டுக்காரருன்னாரு. அவுரும் ஷிப்ட் ஆயிட்டாருங்கன்னேன். எல்லாத்தையும் எழுதிகினு, அந்த வரிசைல பூட்டின வூடெல்லாம் யாருன்னாரு. எல்லாரும் அதே கான்ட்ராக்ட்டுதாங்க, பொங்கலுக்கு அப்பறம் எல்லாரும் ஷிப்ட் ஆயிட்டாங்கன்னேன். மறுநாளும் வந்தாரு, அதுக்கு மறுநாளும் வந்தாரு. பாவம், பொறுப்பான மனுஷன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கல் வரைக்கும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் ஜெனரல். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவோம். கான்ட்ராக்டர் மாறியதும் எல்லாரையும் ஒரேயடியாகச் சுற்று வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ஷிப்ட் ஆவது. நெய்வேலியில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். நாமக்கல்லில் ஷிப்ட் ஆகிவிட்டார்கள் என்றால் சாமானை வண்டியில் ஏற்றி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு அவர் வந்தது சாயங்காலம். அந்த வாரம் எங்களுக்கு மதிய ஷிப்ட். மூன்று நாளும் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ராமலிங்கம் வந்ததும் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வள்ளியம்மாள் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் "என்னால ஆச்சேடி" என்று அழுதார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அக்காமேல் கோபமும் வரவில்லை. அவர் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு. கேட்க வந்தவர்தான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எங்கே போனார்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. பூட்டைப் பார்த்தவர் கண்ணுக்கு அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் கொடியில் காய்ந்த என் புடவை தெரியவில்லையா? வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகிறவள் புடவையைக் காயப் போட்டுவிட்டா போவாள்? நாங்கள் பெரிய தெருவிலிருந்து சுமந்துகொண்டு வந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நாங்கள் இங்கே இல்லை என்று எழுதியிருக்கிறார்.

"நாளைக்குப் போயி பதமா சொல்லிப் பாரு. கத்தாத" என்றார் ராமலிங்கம். பதமாகப் பேசுவது அவர் இலாகா.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆட்களை நிஜமாகவே ஒரு தடவை ஷிப்ட் பண்ணினார்கள். ராமலிங்கத்தின் அப்பா காலத்தில். இன்றைக்குப் பெரிய சுரங்கப் பள்ளமாக இருக்கிற இடத்தில்தான் அவர்கள் ஊர் இருந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணமும் மனையும் கிடைத்தன. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு, அறுத்தவர்களுக்கு நிலம் இல்லை. நிலம் இல்லாதவனுக்கு எதை எடுத்தோம் என்று எழுதுவது? சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த வாய்க்கால் மேட்டில் குடிசை போட்டார்கள். இடம் பெயர்ந்தவர்கள் என்று அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுங்கள் என்று அலைந்து அலைந்து என் மாமனார் செத்தே போனார். போனவர்களை அன்றைக்கு எழுதவில்லை. போகாதவர்களை இன்றைக்கு எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு காலையிலேயே டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ராமலிங்கமும் மற்றவர்களும் அந்த வாரம் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு இறங்கி வருகிறோம் என்றார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் மனு வாங்குவது மூன்று மணி வரைக்கும்தான்.

முகாம் ஒரு வகுப்பறையில் நடந்தது. முதல் மேசையில் சொன்னேன், இரண்டாவது மேசைக்கு அனுப்பினார்கள். இரண்டாவது மேசையில் ஆதார் கேட்டார்கள், காட்டினேன். அதிலும் அதே விலாசம்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் மூன்றாவது மேசையைக் காட்டினார். மூன்றாவது மேசைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். என் வீட்டில் நான் இருக்கிறேன் என்பதைச் சொல்ல ஒரு நாள் முழுக்க வேண்டியிருக்கிறது, இல்லை என்று எழுத அவர்களுக்கு ஒரு எழுத்துப் போதும். அதை நினைக்க நினைக்க எனக்குக் காது சூடானது.

கடைசியில் துணை வட்டாட்சியர் எதிரில் நிறுத்தினார்கள். தனபாக்கியம் என்று பெயர்ப் பலகை இருந்தது. மதுரைப் பக்கத்துப் பேச்சு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார். அதற்காகவே அந்த அம்மாவைப் பிடித்தது, கொஞ்ச நேரத்துக்கு.

"இவர்தான் உங்க தெருவுக்கு வந்தவர், கோபாலகிருஷ்ணன்" என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். ஒல்லியாக, தூக்கமில்லாத கண்ணோடு ஒரு ஆள். வள்ளியம்மாள் அக்கா சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லி, எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"சரி, விடுங்க. சின்ன விஷயம்" என்றார் தனபாக்கியம். "புதுசா பேர் சேர்க்கிற விண்ணப்பம் ஒண்ணு குடுங்க. வேற இடத்துலருந்து குடிவந்திருக்கேன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே நான் உத்தரவு போட்டுத் தர்றேன். நீங்க போய் மனு குடுத்துரலாம்."

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். "எங்கேருந்து குடிவந்தேன்னு எழுதறதுங்க?"

"பழைய விலாசம் ஏதாவது எழுதுங்க."

"பழைய விலாசமும் இதே விலாசந்தாங்க."

"அது ஒரு சம்பிரதாயத்துக்கும்மா. யாரும் போய்ப் பார்க்கப் போறதில்ல."

"யாரும் போயிப் பாக்காததுனாலதாங்க இப்ப இங்க நின்னுகினு இருக்கறேன்."

ராமலிங்கம் சொன்ன பதம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"மேடம், நான் நேத்து குடிவந்தவன்னு கையெழுத்துப் போட்டா, எங்க தெருவே அப்படித்தான் போடணும். நாளைக்கு குழாய் கேட்டா, நேத்து வந்தவங்களுக்கு எதுக்கு குழாய்ன்னு கேப்பாங்க. பட்டா கேட்டா, போன மாசம் வந்தவங்களுக்கு எதுக்கு பட்டான்னு கேப்பாங்க. கேக்கறவங்ககிட்ட எங்க கையெழுத்தே இருக்கும். நான் போகவும் இல்ல, வரவும் இல்ல. எடுத்தது தப்புன்னு எழுதிட்டு என் பேரத் திரும்ப வைங்க. வேற எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

தனபாக்கியம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அதுக்கும் வழி இருக்கு. ஆனா அவர் சரியா விசாரிக்காம நீக்கிட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அதுக்கு மேல விசாரணை வரும்."

"எனக்கு மெமோ வரும், மேடம்" என்றார் கோபாலகிருஷ்ணன். "பள்ளிக்கூட வேலை முடிச்சுட்டு இத்தனை தெருவையும் ஒரு ஆளா நடந்தேன். ராத்திரி உட்கார்ந்து போன்ல ஏத்தினேன். வேணும்னு செய்யலைங்க."

அவர் சொன்னதை நம்பினேன். அவ்வளவு தெருவையும் ஒரு வாத்தியார் தலையில் கட்டியவர்கள்மேலும் எனக்குக் கோபம் வந்தது. அதற்காக அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை.

"உங்களுக்கு மெமோ குடுத்துக் கேப்பாங்க சார். பதில் சொல்லலாம். என்னை ஒரு வார்த்த கேக்காமலே எடுத்துட்டீங்களே" என்றேன்.

தனபாக்கியம் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாம் என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தவர், அடுத்த ஊர் முகாமுக்குப் போகவேண்டும் என்று கட்டுகளை அடுக்கச் சொன்னார். நான் இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "யோசிச்சுப் பாருங்கம்மா. விண்ணப்பம் போட்டா அஞ்சு நிமிஷ வேலை. இல்லேன்னா அடுத்த வாரம் ஆபீஸுக்கு வாங்க" என்றார்.

அடுத்த வாரம் எனக்கு எதற்கு? அந்த விண்ணப்பம் என் கையில்தான் இருந்தது. ஒரு டிக், ஒரு கையெழுத்து. போட்டுவிட்டு ஓடினால் மனுவும் போட்டுவிடலாம். உண்மையைச் சொல்கிறேன், பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். அந்த அம்மா அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை நிறுத்தியது. பேனாவை மூடினேன்.

அப்போது வெளியே ஷிப்ட் பஸ் வந்து நின்றது. ராமலிங்கமும் எங்கள் தெரு ஆட்களும் இறங்கி வந்தார்கள். வீட்டுக்குப் போய்க் குளிக்காமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் கரித்தூசி. யாரும் கத்தவில்லை. வகுப்பறைக்குள் வந்து பெஞ்சுகளில் உட்கார இடம் இல்லாமல் சுவர் ஓரத்திலிருந்து வாசல் வரைக்கும் நின்றார்கள். தனபாக்கியம் வாசலுக்குப் போக வழி இல்லை.

"என்ன இது? முகாம் நேரம் முடிஞ்சுது" என்றார்.

ராமலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வீட்டில் பேசுகிற அதே பதமான குரல்தான்.

"எங்க வேலையில ஒரு முறை இருக்குதுங்க, மேடம். ஷிப்ட் முடிஞ்சாலும் ரிலீவர், அதான் அடுத்த ஷிப்ட் ஆளு, வந்து சார்ஜ் எடுத்துக்காம எடத்த வுட்டுப் போவக் கூடாது. வரலன்னா அப்படியே நிக்கணும். சோறு தண்ணி இல்லாம நின்னுருக்கறோம். உங்களுக்கு நேரமாச்சுன்னா அடுத்த ஆபீஸர வரச் சொல்லுங்க. அவரு வந்து இந்த எடத்துல உக்காரட்டும், நீங்க கெளம்புங்க. வர்ற வரைக்கும் எங்க வேலைய நீங்கதாங்க பாக்கணும்."

ராமலிங்கத்துக்கு இவ்வளவு பேச வரும் என்று இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே தெரியாது.

முதலில் அசைந்தது கோபாலகிருஷ்ணன்தான். கட்டிய கட்டைப் பிரித்து ஒரு வெள்ளைத் தாள் உருவினார். "நான் எழுதித் தர்றேன், மேடம்" என்றார். எழுதினார். சத்தமாகப் படியுங்கள் என்றேன். ஷிப்ட் வேலைக்குச் சென்றிருந்தவர்களை வீடு மாறிச் சென்றவர்கள் என்று தவறாகப் புரிந்துகொண்டு, நேரில் விசாரிக்காமல் பதிவு செய்துவிட்டேன் என்று படித்தார். பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார், அவரை ராமலிங்கம் அடக்கினார்.

தனபாக்கியம் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நீக்கம் ரத்து என்று எழுதி, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னுடையதை முதலில் போட்டு, என் பழைய வரிசை எண்ணையும் எழுதி, முத்திரை வைத்து, நகல் கையில் கொடுத்தார். "பேசாம அந்தக் கட்டத்துல டிக் போட்டிருந்தா காலையிலேயே போயிருக்கலாம்ல" என்றார்.

"போயிருக்கலாங்க. போனதாத்தான உங்க லிஸ்ட்டும் சொல்லுச்சு" என்றேன். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடையதை என்னிடம் திருப்பிக் கொடுத்ததற்கு என்ன நன்றி?

ராமலிங்கம் யாரோ ஒருவருடைய வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். எழுதி வைத்திருந்த மனு என் பையிலேயே இருந்தது. ஏறினேன். பஞ்சாயத்து ஆபீஸில் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், உள்ளே இருக்கிறவர்களிடம் மட்டும் வாங்குவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பியூன் கதவில் கை வைத்துவிட்டார். அவர் கைக்கு அடியில் புகுந்து உள்ளே போனேன்.

மனு வாங்குகிற தேர்தல் அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரில் ஒரே ஒரு நாற்காலி. அதில் சிவசங்கர் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, கதை பேசிக்கொண்டிருந்தார். அகிலா மனுவைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள்.

"வா செங்கமலம். நீ ஷிப்ட் ஆயிட்டன்னு ஊரே பேசுது" என்றார். விஷயம் அதற்குள் பெரிய தெருவுக்குப் போயிருந்தது. பியூன்கூடச் சிரித்தார்.

"ஆமாங்க, ஆயிட்டேன்" என்றேன். "இப்ப எங்க ஷிப்ட்டு. எழுந்திரிங்க, ரிலீவர் வந்தாச்சு."

"இன்னும் ஓட்டே போடல. அதுக்குள்ள ரிலீவரா?"

"ரிலீவர் முன்னாடியே வந்து நிக்கணுங்க. அதான் முறை."

அதிகாரி என் நகலை வாங்கி முத்திரையைப் பார்த்தார். அப்புறம் சிவசங்கரைப் பார்த்து, "வேட்பாளரா நீங்க?" என்று கேட்டார்.

"என் வூட்டுக்காரம்மா நிக்கிறாங்க சார். நான்தான் எல்லாம் பாத்துக்கறது."

"அப்ப நீங்க வெளியே இருங்க. இந்த நாற்காலி வேட்பாளருக்கு."

சிவசங்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். போன தேர்தலிலிருந்து அவரை எழுந்திருக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை. எழுந்தார். என்னை இடிக்கிற மாதிரி கடந்து வெளியே போனார். நாற்காலி காலியாக இருந்தது.

நானும் அகிலாவும் அதன் இரண்டு பக்கமும் நின்றோம். அவள் என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள். அவ்வளவு ஆத்திரத்தோடு வந்தவள் நான், உட்கார்ந்திருப்பேன்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"உக்காருங்க அகிலா. மெம்பர் நீங்கதான" என்றேன். "சார்ஜ் உங்ககிட்டேருந்துதான் நான் எடுக்கணும். உங்க வூட்டுக்காரர்கிட்டேருந்து இல்ல."

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே சிவசங்கர் நின்றுகொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், அடுத்த ஆளாக.